இரண்டு இராசம்மாக்கள்

எங்கள் பாமசி யன்னலில் கம்பிக்குக் கீழே அரைவட்டமாக ஒரு ஓட்டை இருந்தது. கிளினிக் கொப்பி உள்ளே வருவதும் மருந்து வெளியே போவதும் அதற்குள்ளால்தான். உள்ளே நிற்கிற எனக்கு வெளியே நிற்பவரின் முகம் பாதிதான் தெரியும், கை நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணத்து அரச வைத்தியசாலை ஒன்றின் வெளிநோயாளர் மருந்தகத்தில் இருபது வருடத்துக்குக் கிட்ட மருந்தாளராக இருந்திருக்கிறேன். எந்த வைத்தியசாலை என்பது இங்கே தேவையில்லை. இன்றைக்கும் ஆட்களை எனக்கு முகத்தை விடக் கையை வைத்துத்தான் ஞாபகம். புகையிலைத் தோட்டத்துக் கை, வலை இழுத்த கை, கொப்பியைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி ரப்பர் போட்டுக் கொண்டுவருகிற ஆச்சிமாரின் கை.

நான் செய்த பெரிய பிழையும் அந்த ஓட்டைக்குள்ளால்தான் போனது.

சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு கிளினிக்குகளில் கூட்டம் கூடியிருந்த காலம். செவ்வாய்க்கிழமை. மூன்று பேர் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர். பதினொரு மணியிருக்கும். கொப்பிகள் யன்னலுக்குள் அடுக்காகக் குவிந்து கிடக்கின்றன. நான் கொப்பியைப் பார்த்துக் குளிசைகளை எண்ணி, கடதாசிக் கவரில் போட்டு, கவரின் மேல் பெயரை எழுதி, கொப்பியோடு சேர்த்து வைத்துவிட்டுக் கூப்பிடுகிறேன். “இராசம்மா!”

பெயரை மாற்றியிருக்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்த வயதில் எத்தனை இராசம்மா, எத்தனை சிவபாக்கியம், எத்தனை கந்தசாமி என்று உங்களுக்கே தெரியும். வாங்கிலிருந்து ஒரு ஆச்சி எழும்பி வந்தார். “நீங்கள்தானே இராசம்மா?” என்றேன். “ஓம் பிள்ளை” என்றார். கொடுத்துவிட்டேன். கால் மணித்தியாலம் கழித்து அடுத்த இராசம்மாவைக் கூப்பிட்டேன். அவரும் “ஓம்” என்று வாங்கிக்கொண்டு போனார். முதல் கவரில் இருந்தது நீரிழிவுக்கான கிளிபென்கிளமைட், மெற்போமின். வாங்கியவருக்கு இருந்தது பிறசர் மட்டும்தான்.

மூன்றாம் நாள் விடிய அந்த ஆச்சியை ஓட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார்கள். உடம்பெல்லாம் வேர்வை, கூப்பிட்டால் பேச்சில்லை. இரத்தத்தில் சீனி அடிமட்டத்தில். குளுக்கோசு ஏற்றியதும் கண் திறந்தார். ஆனால் அதோடு முடியவில்லை. கிளிபென்கிளமைட் வயதானவர்களின் உடம்பில் நெடுநேரம் நிற்கும், ஏற்றிய சீனியைத் திரும்பத் திரும்ப இறக்கும். ஒரு நாளுக்கு மேல் வாட்டில் வைத்து, மணிக்கொருதரம் விரலில் குத்திப் பார்த்தார்கள். வாட்டு டொக்டர் கொப்பியைப் பார்த்துவிட்டு “அம்மாவுக்கு எத்தனை வருசமா சீனி?” என்று கேட்டிருக்கிறார். மகன், “அம்மாவுக்குச் சீனி வருத்தமே இல்லையே” என்று சொல்லியிருக்கிறார். கொப்பியும் மருந்தோடு சேர்ந்தே மாறிப் போயிருந்தது. அட்டையில் பெயர் ஒன்றுதானே, வீட்டில் யாரும் வயதைப் பார்க்கவில்லை.

எனக்குத் தொலைபேசி வந்தபோது கை கால் ஓடவில்லை. மேலே இருந்த ஒருவர், “ஆள் தப்பிட்டா, இதை இனிக் கிண்டாதேங்கோ” என்றார். நல்ல மனிதர்தான், எனக்காகத்தான் சொன்னார். நான் வாட்டுக்குப் போய் மகனிடம், “பிழை என்னுடையது. பெயரை மட்டும் பார்த்துக் கொடுத்துவிட்டேன்” என்றேன். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு கேட்டார்: “அப்ப மற்ற அம்மாவுக்கு என்ன நடந்தது?”

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரைக்கும் எங்களில் ஒருவருக்கும் அந்த யோசனை வரவில்லை. ஒரு மருந்து பிழையான ஆளிடம் போனால், இன்னொரு ஆள் பிழையான மருந்தோடு எங்கோ இருக்கிறார். வாட்டில் இருந்தவரைச் சுற்றியே எல்லாரும் நின்றோம்.

கொப்பியில் விலாசம் இருந்தது. பின்னேரம் வேலை முடிய, என்னோடு நின்ற தம்பியின் மோட்டார் சைக்கிளில் தேடிப் போனோம். அந்த இராசம்மா முற்றத்தில் ஒடியல் காயப் போட்டுக்கொண்டு இருந்தார். மருந்துக் கவர் அடுப்படியில் பிஸ்கற் ரின்னுக்குள் பிரிக்காமல் கிடந்தது. “நிறம் வேறையா இருந்தது பிள்ளை. அதால போடேல்லை. அடுத்த கிளினிக்கில கேப்பம் எண்டு வைச்சிருந்தன்” என்றார். அடுத்த கிளினிக்குக்கு இன்னும் 25 நாள் இருந்தது. அதுவரை குளிசை இல்லாமலேயே இருந்திருப்பார். அன்று பார்த்தபோது சீனி 300ஐத் தாண்டி நின்றது.

வாட்டில் இருந்த ஆச்சியிடம் பிறகொரு நாள் கேட்டேன், உங்களுக்கு நிறம் வித்தியாசமாகத் தெரியவில்லையா என்று. “தெரிஞ்சதுதான். நீங்கள் அடிக்கடி மாத்திறனீங்கள்தானே, இதுவும் அப்பிடித்தான் எண்டு போட்டன்.”

அவர் சொன்னதில் பிழை இல்லை. அரச வைத்தியசாலைக்கு மருந்து கேள்விப்பத்திரம் மூலம்தான் வருகிறது. இந்த முறை ஒரு கம்பனி, அடுத்த முறை வேறு கம்பனி. போன மாதம் வெள்ளையாக, வட்டமாக இருந்த பிறசர் குளிசை லொசாட்டன் இந்த மாதம் பச்சையாக, நீளமாக இருக்கும். உள்ளே மருந்து ஒன்றுதான். ஆனால் நாங்கள் ஒன்றும் சொல்லாமல் வருடக்கணக்காகக் கொடுத்துக் கொடுத்து, நிறம் மாறினால் அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று சனத்துக்குப் பழக்கிவிட்டோம். நோயாளியின் கண்தான் கடைசிக் காவல். அதை நாங்களே கட்டிவிட்டிருந்தோம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, கம்பனி மாறி வந்த எந்தக் குளிசைக்கும் யன்னலில் மாதிரி ஒன்றை ஒட்டி, “இந்த மாதம் பிறசர் குளிசை இப்படித்தான் இருக்கும், மருந்து அதேதான்” என்று கொடுக்கும்போது வாயாலும் சொல்லத் தொடங்கினோம். இதையும் சேர்த்துச் சொல்வோம்: “சொல்லாமல் நிறம் மாறியிருந்தால் போடாதேங்கோ, அண்டைக்கே திரும்பி வாங்கோ.” வந்தவர்களும் உண்டு. பத்துப் பேர் வந்தால் ஒன்பது பேருக்கு ஒன்றும் இல்லை, வீண் பஸ் காசு. பத்தாவது ஆளுக்காக அந்த ஒன்பது பேரையும் முகம் சுளிக்காமல் அனுப்புவதுதான் கஷ்டமான வேலை.

இனி அந்தக் கேள்வி. “நீங்கள்தானே இராசம்மா?” என்று கேட்டால் காது கேளாத ஆச்சி “ஓம்” என்பார். காது கேட்கிற ஆச்சியும் “ஓம்” என்பார். முதல் பஸ்ஸில் வந்து பதினொரு மணிவரை வாங்கில் இருந்தவருக்கு எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் தன் பெயர் போலத்தான் கேட்கும். ஆகவே பெயரை நாங்கள் சொல்லக் கூடாது, அவர்தான் சொல்ல வேண்டும். “உங்கட பேர் என்ன? எத்தின வயசு? எந்த ஊர்?” மூன்றும் கொப்பியோடு ஒத்துப்போனால்தான் கவர் ஓட்டைக்கு வெளியே போகும். உலகம் முழுக்க நோயாளியை இரண்டு அடையாளங்களாலாவது உறுதிப்படுத்த வேண்டும் என்றுதான் தர விதிகள் சொல்கின்றன. எங்கள் பக்கத்தில் ஊரையும் சேர்த்தால்தான் சரிவரும்.

கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் அதற்குள் எங்கள் ஊர் வழக்கமெல்லாம் வந்து நிற்கும். மருந்து வாங்க வருகிற பெடியனிடம் “ஆருக்கு?” என்றால் “அம்மம்மாவுக்கு” என்பான். “அம்மம்மாவின்ர பேர்?” என்றால் முழிப்பான், அவனுக்கு அவர் என்றைக்கும் அம்மம்மாதான். புருசனுக்கு மருந்து எடுக்க வருகிற வயதான அம்மாமார் சிலர் அவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். “இவருக்குத்தான்” என்று கொப்பியைச் சுட்டிக் காட்டுவார்கள். அவர்களிடம் வற்புறுத்திப் பெயர் கேட்பது எனக்குப் பிடிக்காது. வயதையும் ஊரையும் வருத்தத்தையும் சொல்ல விடுவேன், பெயர்தான் அட்டையில் இருக்கிறதே.

“என்ன வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறீங்கள்?” என்பது இன்னும் நல்ல கேள்வி. “பிறசருக்கு” என்று அந்த ஆச்சி ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். ஆனால் இதை எல்லாரிடமும் சத்தமாகக் கேட்க முடியாது. மனநல கிளினிக்கில் இருந்து வருபவருக்குப் பின்னால் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் நிற்பார். அப்படிப்பட்டவர்களை ஓரத்துக் கதவடிக்கு வரச் சொல்லிப் பேசுவோம். அதற்கு இடமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எங்கள் பாமசியை விடச் சின்னப் பாமசியை நான் கண்டதில்லை.

எண்ணியவரே கொடுக்கக் கூடாது என்பது அடுத்த மாற்றம். ஒருவர் எடுத்து வைத்தால் மற்றவர் கொப்பியை முதலில் இருந்து வாசித்துச் சரிபார்த்துக் கொடுப்பார். தான் செய்த பிழை தன் கண்ணுக்குத் தெரியாது, அடுத்தவர் பிழை உடனே தெரியும். வீட்டிலும் அப்படித்தானே. தனியே நிற்கிற நாளில்? மருந்தை எடுத்து வைத்துவிட்டு, இன்னொரு கொப்பியைச் செய்து முடித்து, பிறகு முதலாவதுக்குத் திரும்பி வந்து புதிதாகப் பார்ப்பேன். வெளியே நிற்பவர்களுக்கு நான் வேண்டுமென்றே இழுத்தடிப்பது போலத் தெரியும். “மிஸ் மருந்தை எடுத்து வைச்சிட்டுப் பாத்துக்கொண்டு நிக்கிறா” என்று ஒரு ஐயா பணிப்பாளருக்குக் கடிதமே எழுதினார்.

இறாக்கை விசயம் வேறு. வைத்தியசாலைகளில் ஐந்து எஸ் என்கிற யப்பானிய ஒழுங்குமுறைக்கு ஒரு காலம் வந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். எல்லாவற்றையும் வகைப்படுத்தி, ஒழுங்குபடுத்தி, துடைத்து, மஞ்சள் கோடு போட்டு. நல்ல விசயம்தான், தூசி போனது. ஆனால் மருந்துகளை ஆங்கில அகரவரிசையில் அடுக்கச் சொன்னார்கள். விளைவு என்ன? வலிப்புக்குக் கொடுக்கிற கார்பமசெப்பீன் பக்கத்தில் தைரொயிட்டுக்குக் கொடுக்கிற கார்பிமசோல். பிறசருக்கான அம்லோடிபின் பக்கத்தில் மனச்சோர்வுக்கும் நரம்பு நோவுக்கும் கொடுக்கிற அமிற்றிப்ரிலின். பெயரும் கிட்ட, இடமும் கிட்ட. நோயாளி எப்படி இரண்டு இராசம்மாவோ, மருந்திலும் அப்படி இரண்டு இரண்டு இராசம்மாக்கள். பார்க்க அழகான இறாக்கை, பிழை விடுவதற்கென்றே செய்து வைத்தது போல. அந்தச் சோடிகளைப் பிரித்து வேறு வேறு தட்டில் வைத்தோம், பழைய இடத்தில் “இங்கே இல்லை, கீழே பார்” என்று சிவப்புத் துண்டு ஒட்டினோம், பெயர்களில் வேறுபடுகிற எழுத்துகளை மட்டும் கொட்டையாக எழுதினோம். பரிசோதிக்க வந்தவர் வரிசை பிழை என்று புள்ளி குறைத்தார். குறைக்கட்டும்.

அரச பாமசிக்குக் குளிசைகள் பெரும்பாலும் ஆயிரமாகப் போத்தலில் வரும். முந்தி நாங்கள் என்ன செய்வோம் என்றால், மேசையில் இருக்கிற பெரிய போத்தலில் அரைவாசி முடிந்ததும் புதுப் போத்தலை அதற்கு மேல் கொட்டுவோம். அரிசிப் பானைக்கு அரிசி கொட்டுவது மாதிரி. அடியில் கிடப்பது எந்த வருடத்துக் குளிசை என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒரு நாள் குறிப்பிட்ட தொகுதி இலக்கம் கொண்ட மருந்தைப் பாவிக்க வேண்டாம் என்று சுற்றறிக்கை வந்தது. எங்கள் போத்தலுக்குள் மூன்று தொகுதி கலந்து கிடந்தது. எது நல்லது, எது கெட்டது என்று பிரிக்க வழியில்லை. முழுப் போத்தலையும் ஒதுக்கினோம், அந்தக் கிழமை சனத்துக்குக் கொடுக்க இருக்கவில்லை. அதன் பிறகு ஒரு போத்தல் முடிந்து, கழுவிக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. யாருக்கு எந்தத் தொகுதி போனது என்றும் நாள் போட்டு எழுதினோம். முதலில் காலாவதியாவது முதலில் வெளியே போக வேண்டும். முதலில் வந்தது முதலில் போனால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. பிந்தி வருகிற சரக்கு முந்திக் காலாவதியாவது எங்களுக்குச் சாதாரணம்.

நேரத்தை மிச்சம் பிடிக்க, கிளினிக் நாளுக்கு முதல்நாளே 30, 60 என்று எண்ணிக் கவரில் போட்டு வைப்பதும் வழக்கம். மெற்போமினுக்குச் சரி. ஒரு ஐப்பசி மழையில், வலிப்புக்கான சோடியம் வல்புரோயேற்றையும் தகட்டில் இருந்து உடைத்துக் கவரில் போட்டுவிட்டோம். அது காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சுகிற சாமான். காலையில் எடுத்தால் சர்க்கரைப் பாகு தொட்ட மிட்டாய் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. கொடுக்கும் முன் கண்டோம், நல்ல காலம். இந்தக் குளிசையைத் தகட்டோடேயே வெட்டிக் கொடுக்க வேண்டும். வீட்டிலும் போடுகிற நேரத்தில்தான் உடைக்க வேண்டும், கிழமைக்குக் காணுமென்று பெட்டியில் போட்டு வைக்கக் கூடாது. நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழே வைக்கிற ஜீ.ரீ.என் குளிசையும் தான் வந்த கண்ணாடிப் போத்தலை விட்டு வெளியே வரக் கூடாது, பிளாஸ்ரிக்குக்குள்ளும் கடதாசிக்குள்ளும் அதன் சத்துப் பறந்துவிடும். அஸ்பிரின் கெட்டால் அதுவே சொல்லும். போத்தலைத் திறந்ததும் வினாகிரி மணம் அடித்தால் குப்பையில் போடுங்கள். எல்லாக் குளிசையும் இப்படி வாய்விட்டுச் சொல்லாது. உடைந்து தூளாகிற, நிறம் மங்கிய மருந்தைக் கண்டால் ஒதுக்குவதோடு நிற்காமல் முறைப்பாடாக எழுதி அனுப்புங்கள். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தோடு தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை வந்தது இதைப் போன்ற வேலைக்கும்தான். எழுதாமல் இருந்துவிட்டு “அரசாங்க மருந்து இப்படித்தான்” என்று பேசிப் பயனில்லை.

குளிர்பெட்டிக் கதை ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும், காலையும் மாலையும் வெப்பநிலையைப் பார்த்து அட்டவணையில் எழுத வேண்டும். நான் புதிதாகப் போய்ச் சேர்ந்த இடத்தில் அட்டவணை மிகத் துப்புரவாக இருந்தது. எல்லா நாளும் 4, 4, 4. ஒரே பேனை, ஒரே எழுத்து. ஞாயிற்றுக்கிழமை பாமசி பூட்டு, அதற்கும் 4. நெருங்கிப் பார்த்தால் ஜூன் 31ஆம் திகதிக்கும் 4 பாகை என்று இருந்தது. சிரித்தேன், பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. பின்சுவரோடு ஒட்டி வைத்திருந்த குப்பிகளில் பனி பிடித்திருந்தது. உறைந்த இன்சுலினை உருக்கினால் பார்வைக்கு நல்லது போலவே இருக்கக்கூடும், ஆனால் நம்பி ஊசி போட முடியாது. அத்தனையும் கழிவு. அதில் இருந்து, அட்டவணையில் 9, 10 என்று எழுதப்பட்டிருந்தால் நான் கோபிப்பதில்லை. 9 என்று எழுதியவர் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்.

வீட்டில் வைத்திருப்பவர்கள் கவனிக்க: இன்சுலினை ஐஸ் பெட்டித் தட்டில் வைக்காதீர்கள், குளிர்பெட்டிக் கதவிலும் வேண்டாம். பாவிக்கத் தொடங்கிய குப்பி வெயில் படாத குளிர்மையான இடத்தில் கிட்டத்தட்ட ஒரு மாதம் தாங்கும், திறந்த திகதியை அதில் எழுதி வையுங்கள். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் எங்கள் அம்மப்பாவின் இன்சுலின் ஈர மணல் போட்ட மண்பானைக்குள்தான் இருந்தது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினபோது யன்னலில் நின்ற இளம் பிள்ளைகளுக்கு அந்தப் பானைக் கதையைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

2022 என்றதும் இன்னொன்று. அந்த வருடம் செப்டம்பர் 17, உலக நோயாளர் பாதுகாப்பு நாளுக்கு உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்கொண்ட தலைப்பே மருந்துப் பாதுகாப்புத்தான். பதாகை கட்டினோம். பதாகைக்குக் கீழே நின்று, ஒரு மாதத்துக்குக் கொடுக்கிற இடத்தில் இரண்டு கிழமைக்கு எண்ணிக் கொடுத்தோம், இல்லாததை வெளியே வாங்கத் துண்டு எழுதினோம். வெளியில் வாங்கியவர்கள் கம்பனிப் பெயரோடு ஒன்றை வாங்கிப் போட்டார்கள். இரண்டு மாதம் கழித்து அதே மருந்து எங்களுக்கு வர, அதையும் கொடுத்தோம். வீட்டில் இரண்டும் சேர்ந்தது. ஒரு ஐயா எழும்பி நின்றதும் தலை சுற்றி விழுந்து கையை முறித்துக்கொண்டு வந்தார். பையைக் கொட்டிப் பார்த்தால் லொசாட்டன் இரண்டு பெயரில். ஆகவே, கிளினிக்குக்கு வரும்போது வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும், தனியார் டொக்டர் தந்ததையும், பனடோல் உட்பட, ஒரே பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். கொப்பியை விட அந்தப் பை எனக்குக் கூடுதலாகச் சொல்லும்.

கவரில் எழுதுவதைப் பற்றி நிறையச் சொல்லலாம். மானிப்பாயில் அமெரிக்க மிசனரி கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்த மண் இது. இங்கே நாங்கள் கவரில் பி.டி. (இரண்டு வேளை), ரி.டி.எஸ். (மூன்று வேளை) என்று ஆங்கில எழுத்தில் சுருக்கி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பிறகு தமிழில் “மூன்று வேளை” என்று எழுதினோம். மத்தியானம் சாப்பிடாத நாளில் மத்தியானக் குளிசையும் இல்லை என்று ஆனது. “காலை 6, பின்னேரம் 2, இரவு 10” என்று நேரத்தையே எழுதியபோதுதான் நுண்ணுயிர்க்கொல்லி ஒழுங்காகப் போனது. எழுத்து வாசிக்காதவர்களுக்குச் சூரியனும் நிலாவும் கீறினோம்.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற மெதொற்றெக்சேற்றைப் பற்றி மட்டும் நான் யாரோடும் சமரசம் செய்வதில்லை. அது கிழமைக்கு ஒருதரம் போடுகிற குளிசை. தினமும் போட்டால் வாய் புண்ணாகி, இரத்த அணுக்கள் குறைந்து, ஆளே போய்விடக்கூடும். கூடவே கொடுக்கிற போலிக் அமிலமும் பலவேளை அதே போலச் சின்ன மஞ்சள் குளிசை. “கிழமைக்கு ஒருக்கா” என்று எழுதுவது காணாது, எந்தக் கிழமை நாள் என்று நோயாளியையே கேட்டு எழுத வேண்டும். ஒரு அம்மா யோசித்துவிட்டு, “வெள்ளிக்கிழமை போடுங்கோ மிஸ், கோயிலுக்குப் போற நாள், மறக்க மாட்டன்” என்றார். கவரில் “வெள்ளி மட்டும்” என்று சிவப்பில் எழுதி, மற்றக் கவரில் “திங்கள்” என்று நீலத்தில் எழுதினேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். “வெள்ளி மஞ்சள், திங்கள் மற்ற மஞ்சள்” என்றார். அது போதாதென்று கவர்களையும் வேறு வேறு அளவில் கொடுத்தேன்.

விரதத்தையும் நாங்கள் கேட்டாக வேண்டும், இது எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஐப்பசியில் கந்த சஷ்டி வரும். ஆறு நாளும் பட்டினி கிடந்துகொண்டு சீனிக் குளிசையை மட்டும் தவறாமல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்தைத் தவறவிடக் கூடாது என்று நாங்கள்தானே சொல்லிக் கொடுத்தோம். சாப்பாடு இல்லாமல் கிளிக்கிளசைட் போட்டால் முதல் இராசம்மாவுக்கு வந்ததுதான் வரும். புரட்டாதிக் கடைசியிலேயே “சஷ்டி பிடிக்கிறீங்களோ?” என்று யன்னலில் கேட்டுவிடுவோம். ஓம் என்றால் டொக்டரிடம் நாங்களே பேசி அளவைச் சரிப்படுத்துவோம். நோயாளியைத் திரும்ப டொக்டரிடம் நடக்க விடுவதில்லை. “கேட்டுக்கொண்டு வாங்கோ” என்று அனுப்பினால் பாதிப் பேர் கேட்காமலே வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இதெல்லாம் ஒரே நாளில் வந்ததல்ல. ஒரு எண்பது பக்கக் கொப்பி வாங்கி மேசைக்குள் போட்டோம். கை தவறி எடுத்து, கொடுக்கும் முன் பிடிபட்ட ஒவ்வொன்றையும் அதில் எழுதுவது. யார் செய்தது என்று எழுதக் கூடாது. என்ன மருந்து, எத்தனை மணி, எப்படிப் பிடிபட்டது, அவ்வளவுதான். எங்களில் ஒரு தங்கச்சி அதற்குத் “தப்பின கொப்பி” என்று பெயர் வைத்தாள். தப்பும் இருக்கிறது, தப்பினதும் இருக்கிறது. முதல் மாதம் வெறும் ஒன்றிரண்டு வரி. பயம். நான் என்னுடைய பிழைகளையே, என் கையெழுத்தில், ஒன்றன் பின் ஒன்றாக எழுதத் தொடங்கினேன். பிறகு நிறைந்தது. வாசித்துப் பார்த்தால் பெரும்பாலானவை பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில், அதிலும் யாராவது குளிசை எண்ணுகிறபோது கூப்பிட்டுக் கதை கொடுத்த நேரத்தில். எண்ணுகிற தட்டுக்கு முன்னால் நிற்பவரோடு கதைக்கக் கூடாது என்று ஒரு விதி அதிலிருந்து பிறந்தது. தேநீரை ஒன்பதரையில் இருந்து பத்தரைக்கு மாற்றினோம், ஒவ்வொருவராகப் போய் வருவது என்று. எந்தப் பயிற்சிப் பட்டறையும் எங்களுக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

பிறசர் இராசம்மா ஆச்சி பிறகும் மாதா மாதம் வந்தார். நான் வேறு யன்னலில் நின்றால் அந்த வரிசைக்கு மாறி வருவார். கேட்க முதலே, கையை ஓட்டைக்குள் விட்டபடி, பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்க உரத்துச் சொல்வார்: “இராசம்மா. எழுவத்தி நாலு. பிறசர் மட்டும்தான், சீனி இல்லை!” கவரைப் பிரித்து, குளிசையைக் கையில் போட்டுப் பார்த்து, மடித்துக் கட்டிக்கொண்டு போவார்.

நான் மாற்றலாகிப் போகிற மாதம் அதையெல்லாம் செய்து முடித்துவிட்டு, போகாமல் நின்றார். குனிந்து ஓட்டைக்குள்ளால் என்னைப் பார்த்து, “எல்லாரிட்டையும் பேர் கேக்கிறாய் பிள்ளை. உன்ர பேர் என்ன?” என்றார்.

பெயர்ப்பட்டி குத்தியிருக்க வேண்டும் என்பதும் விதிகளில் ஒன்றுதான். அன்றைக்கு அது வீட்டில் மற்றச் சட்டையில் இருந்தது.